மீதியை வெள்ளித்திரையில் காண்க

அரிசிக் கடைக்குச் செல்கிறோம். கடைக்காரர் ஒரு பிடி அரிசியை அள்ளி நம் உள்ளங்கையில் வைத்து, "பாருங்கள்" என்கிறார். அந்தப் பிடி அரிசிக்கு அவர் காசு கேட்பதில்லை. மூட்டையை வாங்கச் செய்வதற்காகக் காட்டப்படுவது மாதிரி, மாதிரிக்கு விலையில்லை. இது நாடறிந்த வியாபார தருமம். ஆனால் புத்தக உலகிலே, மாதிரியையே விலைக்கு விற்கும் வழக்கம் ஒன்று நெடுங்காலமாக இருந்து வருகிறது. அதன் வரலாற்றைச் சிறிது ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இந்த ஆராய்ச்சியில் நம்மை இறக்கிவிட்டது ஒரு சொந்த ஏமாற்றம். நாம் ஜொகூர் பாருவில் தங்கி ஆங்கில வழியில் கல்வி கற்றுவந்த காலத்தில், விண்வெளிப் பயணத்தைப் பற்றிய ஆங்கிலத் திரைப்படம் ஒன்று வருவதாகப் பள்ளியெங்கும் ஒரே பேச்சாயிருந்தது. படம் வருமுன்னரே அதன் பெயரைத் தாங்கிய படக்கதைப் புத்தகம் ஒன்று கடைக்கு வந்துவிட்டது. சிற்றுண்டிக்கென்று கிடைத்த காசை இரண்டு வாரம் மிச்சம் பிடித்து அதை வாங்கினோம். அட்டையிலே வானக்கப்பல் பறந்தது. உள்ளே அது தரையைவிட்டு எழும்பவேயில்லை. தலைவன் நியமனம் பெறுகிறான், தோழர்களைத் திரட்டுகிறான், கப்பலில் ஏறுகிறான், கதவு மூடுகிறது. அத்துடன் புத்தகம் முடிந்தது. எஞ்சியதைத் திரையரங்கில் கண்டுகொள்ளுமாறு கடைசிப் பக்கம் நம்மை அன்புடன் அழைத்தது. டிக்கட்டுக்கான காசைத்தானே புத்தகத்துக்குக் கொடுத்திருந்தோம்!

விடுமுறையில் தோட்டத்து வீட்டுக்குச் சென்றபோது தந்தையாரிடம் முறையிட்டோம். அவர் சிரித்தார். கட்டிலுக்கடியிலிருந்த தகரப் பெட்டியை இழுத்துத் திறந்து, பழுப்பேறிய மெல்லிய புத்தகங்கள் சிலவற்றை எடுத்து வைத்தார். "இது புதிதல்ல, தம்பி. எங்கள் காலத்திலும் இதே கதைதான். கடைசி வரியைப் படித்துப் பார்" என்றார். படித்தோம். "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்றிருந்தது.

பாட்டுப் புத்தகம்

தமிழ் பேசும் படத்தின் வரலாறு 1931-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள் வெளிவந்த "காளிதாஸ்" என்னும் படத்திலிருந்து தொடங்குகிறது. அந்நாளைப் படங்களிலே பேச்சைவிடப் பாட்டே மிகுதி. ஒரு படத்தில் முப்பது நாற்பது பாட்டுக்கள் இருப்பது வியப்பன்று. கொட்டகையின் ஒலிப்பெருக்கியிலே சொற்கள் தெளிவாய்க் கேட்பதுமில்லை. ஆகவே பாட்டுக்களை அச்சிட்டு வாயிலில் விற்கும் வழக்கம் தோன்றிற்று. மலிவான தாள், அட்டையிலே நாயகன் நாயகி படம், உள்ளே நடிகர் பெயர், கதைச் சுருக்கம், பாட்டுக்கள். கதைச் சுருக்கம் ஒரு முடிச்சு விழும் இடம்வரை வந்து சட்டென நின்றுவிடும். பிறகு அந்தப் புகழ்பெற்ற வரி. அன்று கடலை மடிக்கப் பயன்பட்ட அந்தத் தாள்களை இன்று சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற நிலையங்கள் அருஞ்செல்வமாகப் பாதுகாத்து வருகின்றன.

பட்டணத்தானுக்கு அந்த வரி ஓர் அழைப்பு. நாலு தெரு தாண்டினால் கொட்டகை. நாலணா கொடுத்தால் மீதி தெரிந்துவிடும். ஆனால் ஜொகூர்ப் பால்மரக் காட்டிலே இருந்தவனுக்கு? விடியுமுன் பெரட்டுக் களத்தில் நின்று, வெயில் ஏறும்வரை மரம் வெட்டி, பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு லயத்துக்குத் திரும்பும் குடும்பத்துக்கு வெள்ளித்திரை எங்கே இருந்தது? 1946-இல் தோன்றிய மலாயாத் திரைப்படப் பிரிவின் படங்கள் தமிழிலும் குரல் கொடுத்துத் தோட்டந்தோறும் வண்டியில் காட்டப்பட்டன. அவை பெரும்பாலும் அரசாங்கச் செய்திகளும் அறிவுரைகளுமே. புதிய கதைப்படம் பார்க்க வேண்டுமாயின் குளுவாங்குக்கோ சிகாமட்டுக்கோ பஸ் ஏற வேண்டும். குடும்பத்தோடு போய்வரும் செலவைத் தீபாவளிக்கு ஒருமுறை தாங்கலாம். மாதந்தோறும் தாங்க இயலாது. பாட்டுப் புத்தகமோ, பட்டணம் போய் வந்த எவர் சட்டைப் பையிலும் ஏறி வந்துவிடும். ஆகவே தோட்டத்துப் பிள்ளைக்குப் புத்தகந்தான் படம். "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்ற வரி அவன் முகத்துக்கு நேரே சாத்தப்பட்ட கதவு.

தந்தையார் பெட்டியிலிருந்த புத்தகங்களில் ஒன்று "கலை அரசி"யினுடையது. 1963-இல் வந்த அப்படம் தமிழ் விஞ்ஞானக் கற்பனைப் படங்களில் முன்னோடி. ஏ. காசிலிங்கம் இயக்கியது, எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்தது. இசையறியாத ஒரு வேற்றுக் கோளிலிருந்து வருபவன், தன் உலகத்தாருக்குப் பாட்டுக் கற்பிக்க வேண்டுமென்று பூமியிலே சிறந்த பாடகியைத் தூக்கிச் செல்கிறான் என்பது கதையின் அடிப்படை. மனிதன் விண்வெளிக்குச் சென்று இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த காலம் அது. பத்து வயதுப் பையனாயிருந்த நம் தந்தையார் அதன் கதைச் சுருக்கத்தை எழுத்துக்கூட்டிப் படித்தார். வழக்கப்படியே அது பாதியில் நின்றது. படம் பார்க்க வழியில்லை. என்ன செய்வார்? மீதியைத் தாமே கட்டினார். மாலையில் லயத்துப் படிக்கட்டில் அமர்ந்து மற்றப் பிள்ளைகளுக்கு அதைச் சொன்னார். அவர் கதையிலே அந்தப் பாடகி, யாரும் வந்து மீட்கும்வரை காத்திருக்கவில்லை; அவ்வுலகத்துப் பிள்ளைகளைக் கூட்டி வைத்துத் தாலாட்டிலிருந்து ஒப்பாரிவரை எல்லாம் கற்பித்து முடித்துவிட்டு, அவர்களே வழியனுப்பத் திரும்பி வந்தாள். பல ஆண்டுகளுக்குப்பின் வீடியோ நாடாவிலே அவர் அப்படத்தைப் பார்த்தார். நாயகன் சென்று மீட்டு வருவதைக் கண்டு, "நம் கதையே தேவலாம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாராம்.

"பார்த்தீரா! பாதியில் நின்றதனாலல்லவோ அவர் கற்பனை வளர்ந்தது? அதைக் குறை கூறுவானேன்?" என்று சிலர் கேட்கலாம். பசித்தவன் காட்டிலே கிழங்கு தோண்டித் தின்று பிழைத்தானென்றால், பெருமை அவன் கைக்கு உரியது. சோறு போடாதவனுக்கு உரியதன்று. எனினும் பாட்டுப் புத்தகத்துக்கு ஒரு நியாயம் உண்டு. அது தன்னைப் பாட்டுப் புத்தகம் என்றே அழைத்துக்கொண்டது. பாட்டுக்களை முழுமையாகவே கொடுத்தது. கதைச் சுருக்கம் அதிலே கொசுறு. நாம் வாங்கிய படக்கதையோ கதையென்று பெயர் சொல்லி விலை வாங்கிற்று, கதையைக் கொடுக்கவில்லை. முன்னது அரைகுறை, பின்னது வஞ்சனை. வேற்றுமை சிறிதன்று.

படம் மறைந்தும் கதை நின்றது

திரைப்படத்தோடு கூடப் பிறந்த கதையெல்லாம் இப்படித்தானோ என்று எண்ணிவிடலாகாது. தமிழிலேயே இதற்கு மாறான உயர்ந்த உதாரணம் ஒன்று உண்டு. 1939-இல் கே. சுப்பிரமணியம் "தியாகபூமி"யைப் படமாக்கிக் கொண்டிருந்தபோது, அதன் கதையை ஆசிரியர் கல்கி "ஆனந்த விகடன்" வார இதழிலே தொடராக எழுதினார். ஓவியர் வரைந்த சித்திரங்களுக்குப் பதிலாகப் படத்தில் எடுக்கப்பட்ட புகைப்படங்களே தொடரை அணி செய்தன. பாபநாசம் சிவனையும் எஸ்.டி. சுப்புலட்சுமியையும் பேபி சரோஜாவையும் ஜனங்கள் கொட்டகைக்குப் போகுமுன்பே பத்திரிகையில் கண்டனர். விளம்பர யுக்திதான், ஐயமில்லை. ஆனால் கல்கி கதையைப் பாதியில் நிறுத்தி, மீதிக்குக் கொட்டகைக்குப் போங்கள் என்று சொல்லவில்லை. முழுக் கதையையும் சொன்னார்.

பின்னர் நடந்ததுதான் பெரிய விஷயம். தேசிய இயக்கத்தை ஆதரிக்கிறதென்று ஆங்கில அரசாங்கம் அப்படத்தைத் தடை செய்தது. தடையை மீறிக் கட்டணமின்றிப் படத்தைக் காட்டினர். கொட்டகையிலே போலீசாரின் தடியடி நடந்தது. படம் மறைந்தது. ஆனால் படித்தவர் மனத்திலிருந்தும் எடுத்துவைத்த ஏடுகளிலிருந்தும் கதையை எந்த உத்தரவும் பிடுங்க முடியவில்லை. தடையினால் படம் பார்க்க முடியாதவனும், தூரத்தினால் பார்க்க முடியாதவனும் ஒரே நிலையில் உள்ளவர்களே. இருவருக்கும் அந்தத் தொடர் குறையாமல் உணவளித்தது. துணைக்கதை என்பது இவ்வாறன்றோ இருத்தல் வேண்டும்!

அடுத்து வந்தது கதை வசனப் புத்தகத்தின் காலம். 1952-இல் "பராசக்தி" வெளிவந்தபின், அதன் நீதிமன்ற வசனத்தை மனப்பாடமாய் ஒப்பிக்காத மேடையில்லை. அப்புத்தகங்களும் ஒளிக்காமல் கொடுத்தன. படத்தில் காதால் கேட்டதைக் கண்ணால் படித்து, வாயால் பழகிக்கொள்ள இடந்தந்தன. தமிழ்ப் பேச்சின் மிடுக்கைப் பலர் அங்கேதான் கற்றனர்.

விக்ரம்

தியாகபூமிக்கு 47 ஆண்டுகளுக்குப்பின் அதே யுக்தி மீண்டும் கையாளப்பட்டது. இம்முறை கதை விஞ்ஞானத்தைச் சார்ந்தது. எழுத்தாளர் சுஜாதா, பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராயிருந்தவர். மின்னணு வாக்குப் பதிவு இயந்திரத்தை உருவாக்கிய பணியில் முக்கியப் பங்காற்றியவர். கமல்ஹாசன் நடித்த "விக்ரம்" 1986-ஆம் ஆண்டு மே 29-இல் வெளிவந்தது. சுஜாதாவின் அதே பெயர்த் தொடர், நடிகரின் புகைப்படங்களோடு "குமுதம்" இதழில் வந்தது. "அக்னி புத்ரா" என்னும் ஏவுகணை களவாடப்படுகிறது. அதை மீட்க ஒற்றன் ஒருவன் கணிப்பொறி வல்லாள் ஒருத்தியோடு புறப்படுகிறான். இந்தியா உண்மையாகவே "அக்னி" என்ற பெயருடைய ஏவுகணையைச் சோதித்தது 1989-ஆம் ஆண்டு மே மாதத்தில். கற்பனை மூன்றாண்டு முந்திக்கொண்டது!

இத்துணைச் சிறப்பிருந்தும், இதிலும் ஒரு வருத்தம் உண்டு. சுஜாதாவின் துப்பறியும் கதைகளுக்கு ஓவியர் ஜெயராஜ் தீட்டிய கோடுகளை நினைத்துப் பாருங்கள். கணேஷும் வசந்தும் அக்கோடுகளிலே பாதியும், படிப்பவர் மனத்திலே பாதியுமாக வாழ்ந்தனர். புகைப்படம் அப்படி இடம் விடுவதில்லை. நாயகன் முகம் இதுதான், தலைமுடி இதுதான் என்று முடிவு கட்டிவிடுகிறது. தியாகபூமியிலே அது குறையாகவில்லை. அது நாம் அறிந்த அக்கிரகாரமும் தெருவும் பற்றிய கதை. விஞ்ஞானக் கதையோ இதுவரை எவரும் காணாததைக் காணச் செய்ய வேண்டியது. அங்கே நடிகர் முகத்தை மட்டும் காட்டினால் போதுமா? படமும் பிற்பகுதியிலே சலாமியா என்னும் கற்பனை நாட்டு அரண்மனைக்குள் புகுந்து, அரசனும் அரசகுமாரியும் ஆட்டமுமாய்ப் பழைய ராஜா ராணிக் கதையில் கலந்துவிட்டது. ஏவுகணையைத் தொடர்ந்து சென்றவர்கள் வழியிலே ஏவுகணையை மறந்தார்கள். தொடரைப் படித்து ஆவல் வளர்த்துக்கொண்டவனுக்கு இங்கே புத்தகம் குறைவாய்க் கொடுக்கவில்லை. புத்தகம் எழுப்பிய பசியைப் படம் ஆற்றவில்லை. ஏமாற்றம் திசை மாறிற்று, அவ்வளவே.

இதற்குள் தமிழ்ப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானப் படக்கதை வேறொரு வழியாக வந்து சேர்ந்திருந்தது. 1972-இல் சிவகாசியில் தொடங்கிய "முத்து காமிக்ஸ்" தன் முதல் இதழாக "இரும்புக்கை மாயாவி"யை வெளியிட்டது. மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து இரும்புக்கை மட்டும் தெரியும் அந்த வீரன் ஆங்கில நாட்டு வார இதழ் ஒன்றில் பிறந்தவன். 1984-இல் "லயன் காமிக்ஸ்", "ராணி காமிக்ஸ்" ஆகியன தோன்றின. மாமா ஒருவர் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவந்த இவ்விதழ்களும், தந்தையார் பெட்டிப் பாட்டுப் புத்தகங்களுந்தான், ஆங்கிலத்திலேயே படித்துவந்த நமக்குத் தமிழ் எழுத்தைச் சரளமாக்கின. இக்கட்டுரையை எழுதும் கைக்கும் அவையே ஆசான். மாயாவியை எந்தத் திரைப்படமும் முதுகில் சுமக்கவில்லை. ஆகவே அவன் கதையைப் பாதியில் நிறுத்த எவருக்கும் காரணமுமில்லை. ஒவ்வொரு இதழிலும் ஒரு முழுக்கதை. அதுவே அவன் வெற்றி.

மேனாட்டுப் படிப்பினை

நாம் வாங்கிய புத்தகத்தின் இனம் மேனாட்டில் பல்கிப் பெருகியது. அங்கேயுள்ள நல்லதையும் அல்லதையும் பார்ப்போம்.

1977-ஆம் ஆண்டு மே 25-இல் "ஸ்டார் வார்ஸ்" வெளியாயிற்று. அதற்குமுன்பே மார்வெல் நிறுவனத்தின் படக்கதை முதல் இதழ் கடைக்கு வந்துவிட்டது. ராய் தாமஸ் எழுத, ஹோவர்ட் சேக்கின் வரைந்தார். முடிந்த படத்தைப் பார்த்து வரைய அவர்களுக்கு வாய்ப்பில்லை. திரைக்கதையையும் சில புகைப்படங்களையும் வைத்துக்கொண்டே வேலை நடந்தது. இதன் பயனாக, படத்திலிருந்து பின்னர் வெட்டப்பட்ட காட்சிகளும் புத்தகத்தில் நின்றுவிட்டன. நாயகன் லூக் தன் பழைய நண்பனோடு பேசும் காட்சி அவற்றுள் ஒன்று. படத்தில் இல்லாதது புத்தகத்தில் இருந்தது. எனினும் வாசகர் அதற்காகக் கோபிக்கவில்லை. ஏனெனில் ஆறு இதழ்களில் கதை தலைமுதல் கால்வரை சொல்லப்பட்டது. மாறுபடுதல் குற்றமன்று, மறைத்தலே குற்றம்.

1968-இல் வந்த "2001: விண்வெளிப் பயணம்" மற்றோர் உதாரணம். ஸ்டான்லி குப்ரிக் எடுத்த அப்படத்தின் தொடக்கத்தில் நெடுநேரம் ஒரு சொல்லும் பேசப்படுவதில்லை. அந்த மௌனமே அதன் ஆற்றல். எட்டு ஆண்டுகள் கழித்து, 1976-இல், ஜாக் கிர்பி என்னும் பெரும் ஓவியர் அதைப் படக்கதையாக்கினார். சித்திரங்கள் கம்பீரமானவை. ஆனால் படம் வாய் மூடியிருந்த இடமெல்லாம் புத்தகம் விளக்கவுரை பேசிற்று. மலையுச்சியில் நின்று வானத்தைப் பார்க்கும்போது பக்கத்தில் ஒருவர் நட்சத்திரங்களை எண்ணிச் சொல்லிக்கொண்டிருந்தால் எப்படியிருக்கும்? அப்படியிருந்தது.

அதே படத்துக்கு ஆர்தர் சி. கிளார்க் எழுதிய நாவலையும் பாருங்கள். படமும் நாவலும் ஒருங்கே வளர்ந்தவை. ஆயினும் படத்தில் கப்பல் வியாழனுக்குச் செல்கிறது. நாவலில் சனிக்குச் செல்கிறது. ஹால் என்னும் அறிவியந்திரம் ஏன் கெட்டது என்பதைப் படம் விளக்குவதில்லை, நாவல் விளக்குகிறது. உண்மையை உரைக்கவே ஆக்கப்பட்ட அவ்வியந்திரம், பயணத்தின் நோக்கத்தைப் பயணிகளிடமிருந்தே மறைக்குமாறு பணிக்கப்பட்டது; அந்த முரண்பாட்டைத் தாங்காமல் அது நிலைகுலைந்தது. படம் காட்டியதை நாவல் திருப்பிக் காட்டவில்லை. படத்தால் சொல்ல முடியாததைச் சொல்லிற்று. 1979-இல் "ஏலியன்" படத்துக்கு ஆர்ச்சி குட்வினும் வால்டர் சைமன்சனும் ஆக்கிய படக்கதையும் இவ்வகையில் பாராட்டத்தக்கது. ஓடும் படத்துக்கில்லாத பக்க அமைப்பு என்னும் கருவியால் அவர்கள் அச்சத்தை ஊட்டினர்.

ஆக, ஓவியனிடம் குறைந்த காலமும், முடியாத திரைக்கதையும், எண்ணிக் கொடுத்த பக்கங்களும் இருப்பது உண்மையே. அவை இடையூறுகள், சாக்குகள் அல்ல. அதே இடையூறுகளோடு சிலர் நல்ல நூல் தந்திருக்கின்றனர்.

இரண்டு வாசகர்

துணைநூலுக்கு இரண்டே வாசகர் உண்டு. படம் பார்க்க இயலாதவன் ஒருவன். பார்த்துவிட்டு மேலும் வேண்டுபவன் மற்றொருவன். முன்னவனுக்கு முழுக்கதை தரவேண்டும். பின்னவனுக்குப் படத்தில் இல்லாத ஒன்றைத் தரவேண்டும். இருவருக்கும் ஒன்றும் தராத புத்தகம் விளம்பரமே. விலையின்றிக் கொடுப்பது விளம்பரம். விலைக்குக் கொடுப்பது சரக்கு. விளம்பரத்துக்கு விலை வைப்பவன், மாதிரி அரிசிக்குக் காசு கேட்கும் கடைக்காரனே.

"ஒரு படக்கதைக்கு இத்தனை வாதமா?" என்று நகைப்பவர் நகைக்கட்டும். இன்று பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயங்கள் பல காலியாகி, குடும்பங்கள் பட்டணத்து அடுக்குமாடிகளில் குடியேறிவிட்டன. படமோ கைத்தொலைபேசியிலேயே வந்து நிற்கிறது. இந்நிலையில் ஒரு தமிழ்ப் பிள்ளை தன் கைக்காசைக் கொடுத்து ஒரு புத்தகம் வாங்குவதே அருமை. அந்த முதற் புத்தகம் அவனை ஏமாற்றினால் அவன் நட்டம் சில ரிங்கிட்டோடு நிற்காது. புத்தகம் என்றாலே பாதியில் கைவிடும் பொருள் என்று அவன் மனத்தில் பதிந்துவிடும். இரண்டாம் புத்தகத்தை அவன் வாங்கமாட்டான். தமிழ்ப் புத்தகம் அந்த வரிசையில் கடைசியில் நிற்பது; முதலில் அடிபடுவதும் அதுவே.

சென்ற சம்பள நாளன்று, காரியாலயச் சன்னலருகே நின்ற தொழிலாளி ஒருவர், "கிராணி ஐயா, பையன் ஏதோ சினிமாப் படக்கதை வேண்டுமென்று அழுகிறான். வாங்கிக் கொடுக்கலாமா? காசு வீணாகிவிடுமா?" என்று கேட்டார். வேண்டாமென்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் தந்தையாரின் தகரப் பெட்டி நம்மை மன்னித்திராது. "வாங்குங்கள். ஆனால் கடையிலேயே கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். கதை முடிந்திருந்தால் காசைக் கொடுங்கள்; மீதிக்கு வேறெங்கோ போகச் சொன்னால் வைத்துவிட்டு வாருங்கள்" என்றோம்.

வாங்குவோர்க்கு நாம் சொல்லக்கூடியது இவ்வளவே. ஆக்குவோர்க்கும் இதையே சொல்வோம்: மீதியையும் எழுதுங்கள்.